தனியாக வசிப்பவர்களை உடன் அழைத்துச் செல்லவும்

போன கிழமை நடுக்கடலில் நின்றுபோன எஞ்சினைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்களுக்குப் பயமே வராதோ?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அந்தத் தங்கச்சிக்காகத்தான் இந்தக் கிழமைக் கதை. படித்து முடித்த பிறகு அவர் என்னைப் பற்றி வைத்திருக்கும் நல்ல எண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நான் கோவிக்க மாட்டேன்.

வலைக்குள்

மார்கழி மாதத்து ஒரு காலை. என் வீட்டு முன்கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. ஆனால் வெளியே போக முடியாது. கூரையிலிருந்து நிலம் வரைக்கும் வாசலை மூடிக்கொண்டு ஒரு பழைய கரைவலை தொங்குகிறது. பின்கதவுக்கும் அதே கதி. வலைக்கு அந்தப் பக்கம் ஊர், கறுத்துக்கொண்டு வரும் வானம், வேலியில் காயப்போட்டு நான் எடுக்க மறந்த, இடுப்பில் உடுக்கிற ஒரு சாரம். இந்தப் பக்கம் நான். ஐம்பது தாண்டிய, மூக்குக்கண்ணாடி போட்ட, இடுப்பில் பொலித்தீன் பை கட்டிய ஒரு பெரிய மீன்.

வலையை வீசியது யார் என்று கேட்பீர்கள். நான்தான்.

எங்கள் மன்னார்த் தீவில் தகரக் கூரையும் கிடுகுக் கூரையும் வைத்திருப்பவர்கள், பெருங்காற்று வருகிறது என்றால் பழைய வலையைக் கூரைக்கு மேலால் எறிந்து, எல்லாப் பக்கமும் இழுத்து முளையடித்துக் கட்டுவார்கள். காற்று வலைக்கண்ணால் போய்விடும், தகரம் வலைக்குள் நிற்கும். வாசல் இருக்கும் இடத்தில் மட்டும் வலையைத் தூக்கி ஒரு கம்பில் கொளுவி, ஆள் போய்வர வழி விடுவார்கள்.

வழி விட வேண்டும் என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. ஏனென்றால் அது சொல்ல வேண்டிய விசயம் என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றாது. சட்டை போடும்போது தலையை வெளியே எடு என்று யாராவது சொல்லித் தருவார்களா?

வேலியில் கிடந்த சாரம் காற்றில் எழும்பியது. எனக்கு ஒருதரம் கை காட்டுவதுபோல ஆடிவிட்டு வேலி தாண்டிப் போனது. அன்று காலை என்னிடம் முறையாக விடைபெற்றுப் போனது அது ஒன்றுதான்.

கூண்டு

எல்லாம் அதற்கு முதல்நாள் தொடங்கியது.

எங்கள் கரையில் கொழும்பு வானொலியைவிட அக்கரை வானொலிதான் தெளிவாகக் கேட்கும். இந்தியா அவ்வளவு கிட்ட. அன்று காலையில் அக்கரைப் பெண் ஒருத்தி, கல்யாணச் செய்தி சொல்வது போன்ற இனிமையான குரலில், பாம்பன் துறைமுகத்தில் ஏழாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருப்பதாகச் சொன்னாள்.

கூண்டு என்பது கப்பல்காரருக்குத் தெரியும்படி கம்பத்தில் ஏற்றும் ஓர் அடையாளம் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? நான் கூண்டு என்றால் கிளிக் கூண்டைத்தான் நினைப்பேன். ஒன்றாம் எண் கிளிக்கு, இரண்டாம் எண் கோழிக்கு, இப்படியே போனால் ஏழாம் எண் என்னைப்போல ஓர் ஆளை இருத்தி வைக்கிற அளவில் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். திருத்திக்கொண்டிருந்த எஞ்சினின் பிளக் கையிலிருந்து விழுந்து மணலுக்குள் புதைந்தது.

அந்த நேரம் பார்த்துப் பிரான்சிலிருந்து மகள் போன் எடுத்தாள்.

"அப்பா, நான் காலநிலை மப்பிலை பாத்துக்கொண்டிருக்கிறன். சிவப்பு வட்டம் ஒண்டு சுத்திக்கொண்டு வருது. நேரை எங்கடை வீட்டுக்கு மேலைதான்."

"கொஞ்சம் அங்காலை தள்ளிவிடு பிள்ளை. உன்ரை கையிலைதானே கிடக்கு."

"பகிடி விடாதேங்கோ. ஆரோடை இருக்கப்போறியள்?"

"ஊரே இருக்கு. ஆரோடை இருக்கிறதெண்டுதான் குழப்பமாக் கிடக்கு."

அவள் சிரித்தாள். போனை வைத்த பிறகு நான் பிளக்கைத் தேடுகிற சாட்டில் மணலைக் கிளறிக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தேன்.

புத்தி சொன்ன ஊர்

மத்தியானத்துக்குள் முழு ஊரும் எழும்பிவிட்டது. ஆண்கள் வள்ளங்களைத் தோள் கொடுத்து றோட்டுக்கரை வரைக்கும் இழுத்து வந்தார்கள். நான் எஞ்சின்களைக் கழற்றிக் கொடுத்தேன். கோயில் மண்டபத்தில் பெண்கள் கஞ்சிக்கு அரிசி கழுவினார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் மற்றவருக்குப் புத்தி சொன்னார்கள். அதில் பெரும்பங்கு எனக்குக் கிடைத்தது. பயந்த முகத்தைக் கண்டால் புத்தி சொல்ல ஆசை வரும்போல.

பக்கத்து வீட்டு ரோசா அக்கா வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"சவிரி, ஐடென்ரிக் காட்டைப் பொலித்தீன் பையிலை போட்டு இடுப்பிலை கட்டு."

"ஏனக்கா?"

"பிறகு எடுக்கேக்கை ஆரெண்டு தெரியவேணுமெல்லே."

"என்னத்தை எடுக்கேக்கை?"

"உன்னைத்தான்ரா!"

சம்மாட்டியார் வந்தார். பெரிய வள்ளங்களும் வலைகளும் வைத்திருக்கும் மனிதர். என் கூரையை ஒரு பார்வை பார்த்தார். "வலை போட்டுக் கட்டு தம்பி. கட்டுற கயித்தின்ரை நுனியை வெளியிலை விடாதை, காத்து பிடிச்சு அவிட்டுப்போடும்" என்றார். இந்த இரண்டாவது வசனத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள். நான் அளவுக்கு மிஞ்சி வைத்திருந்தேன்.

புத்தி சொன்ன எல்லாரும் போகும்போது ஒரே மாதிரி முடித்தார்கள். "நீ நறுவிலிக்குளத்துக்குத்தானே போறாய்? அதுதான் நல்லது. கடலுக்குத் தூரம்."

நறுவிலிக்குளம் நான் பிறந்த ஊர். பெருநிலத்தில், வயலும் குளமுமாகக் கிடக்கிற ஊர். அங்கிருந்து இந்தக் கடல் ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவன் நான். அம்மா அப்பா போய்விட்டார்கள். அண்ணன் சண்டைக் காலத்தில் படகேறி அக்கரைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டான். இப்போது நறுவிலிக்குளத்தில் எனக்கு இருப்பது வீடு இருந்த இடத்தில் கறையான் எழுப்பின புற்று ஒன்றும் அதைச் சுற்றி ஒரு வளவும்தான். அங்கே இருக்கிற சொந்தக்காரர் என்ன நினைத்திருப்பார்கள்? சவிரி மனிசியின் ஆட்களோடு இருப்பான் என்று. மனிசியின் ஆட்கள் நான் நறுவிலிக்குளத்தில் இருப்பேன் என்று.

"ஓமோம், அங்கைதான்" என்று எல்லாருக்கும் சொன்னேன். ஒருவருக்கு இல்லை என்று சொன்னால் மற்றவருக்கும் சொல்ல வேண்டும். அவ்வளவு பேருக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது.

நசீரும் நானும்

பின்னேரம் எங்கள் தேவாலயத்துச் சுவாமி கூப்பிட்டு ஒரு தாளைத் தந்தார். அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த அறிவித்தல். ஊர் முழுக்க வாசிக்க வேண்டும். திருநாளில் காணாமல்போன பிள்ளைகளையும் செருப்புகளையும் மைக்கில் தேடிக் கொடுப்பவன் நான் என்பதால் இந்த வேலை எனக்கு.

கோயில் ஸ்பீக்கர்ப் பெட்டி மழையில் நனைந்து செத்துப்போயிருந்தது. பக்கத்து ஊரான தாராபுரத்துப் பள்ளிவாசல் தன் பெட்டியையும் பற்றரியையும் தந்தது. அதைத் தன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தவன் நசீர். தாராபுரத்தான். என் வயது. அவன் ஓட்டோ எஞ்சினை நான் திருத்துவேன், திருத்தியது சரியில்லை என்று அவன் ஏசுவான். அப்படிப் பல வருசப் பழக்கம்.

"அன்பார்ந்த பொதுமக்களே!" என்று தொடங்கினேன்.

"மெதுவா வாசி மச்சான். புயலுக்கு முன்னம் நீ சனத்தைச் சாகடிச்சிப் போடுவாய்" என்றான் நசீர்.

தாளில் இருந்தது இதுதான். குடிதண்ணீரைச் சேமிக்கவும். கடற்கரைக்குச் செல்வதைத் தவிர்க்கவும். தனியாக வசிப்பவர்களை அயலவர்கள் உடன் அழைத்துச் செல்லவும். நான் இடையிடையே என் சரக்கையும் சேர்த்தேன். "மாமியாரை வீட்டில் மறந்து வருபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்" என்றேன். சனம் வேலிப் படலைக்கு வந்து சிரித்தது. பயத்தில் இருக்கிற சனம் நன்றாகச் சிரிக்கும். அவர்கள் சிரிக்கிற நேரம் என் பயமும் கொஞ்சம் அடங்கும். அதனால் கூடக்கூடச் சொன்னேன்.

என் வீதிக்கு வந்தோம். என் வீட்டுக்கு முன்னால் நசீர் வேண்டுமென்றே ஓட்டோவை நிற்பாட்டினான்.

"இந்த வீட்டுக்கும் வாசி. இஞ்ச ஒரு விசரன் இரிக்கானாம்."

பூட்டின கதவைப் பார்த்து நான் வாசித்தேன். தண்ணீர் சேமிக்கச் சொன்னேன். கடலுக்குப் போகாதே என்றேன். மூன்றாவது வரிக்கு வந்தேன். அந்த வரியை அதற்கு முன் ஊர் முழுக்க வாசித்திருக்கிறேன். ரோசா அக்காவின் படலையில் வாசித்தேன், சம்மாட்டியார் வீட்டில் வாசித்தேன். ஒருவரும் அதைக் கேட்டு என்னைப் பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக் கதவுக்கு வாசிக்கும்போதுதான் அது யாரைச் சொல்கிறது என்று விளங்கியது.

குரல் ஸ்பீக்கரில் அடைத்துக்கொண்டது. மைக் பெரிய துரோகி. ஊருக்கே கேட்டிருக்கும்.

"என்ன, பற்றரி இறங்கிட்டுதோ?" என்றான் நசீர்.

"ஓம், இறங்கிட்டுது. போ."

அன்றைக்கு அவனை அனுப்பும்போது மைக்கும் பெட்டியும் என் வீட்டிலேயே நின்றன. காலையில் இன்னொருமுறை வாசிக்க வேண்டி வந்தால் என்று சுவாமி சொல்லியிருந்தார். அவன் போகிறபோது, "நீ கோயிலடியிலதானே இரிப்பாய்?" என்று கேட்டான். அவனுக்கு நறுவிலிக்குளம் ஞாபகம் வரவில்லை. நானும் சொல்லவில்லை.

அவிழ்க்கிற ஊரும் கட்டுகிற ஊரும்

இந்த இடத்தில் ஒரு பழைய கதை.

நான் சின்னவனாக இருந்தபோது நறுவிலிக்குளத்தில் ஒரு பெருங்காற்று அடித்தது. காற்றுக்கு முன்னம் அப்பா செய்த முதல் வேலை, மாடுகளை அவிழ்த்து விட்டது. பட்டியைத் திறந்தார், கழுத்துக் கயிறுகளைக் கழற்றினார், ஆட்டுக்குட்டியைக்கூடக் கட்டிவைக்கவில்லை. மரம் விழுந்தால் ஓடித் தப்பட்டும் என்பதுதான் அதன் காரணம்.

கல்யாணம் முடித்து இங்கே வந்த முதல் மாரியில் பிலோமினா, என் மனிசி, கூரையில் ஏறி நின்று கயிறு கேட்டாள். வள்ளத்தைக் கட்டு, கூரையைக் கட்டு, தண்ணீர் டாங்கியைக் கட்டு என்று ஊரே கட்டிக்கொண்டிருந்தது. நான் போய் ஆட்டை அவிழ்த்துவிட்டேன். அது அன்றைக்கே காணாமல்போனது. பல வருசமாக அந்த ஆட்டைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

வலை எறிவதும் முடிச்சுப் போடுவதும் அவள்தான். நான் கீழே நின்று கயிறு எடுத்துக் கொடுப்பேன். கூரையில் அவள் நடக்கும்போது தகரம் டங்டங்கென்று சத்தம் போடும். காற்று இரைகிற நேரம் நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன். "காத்துக்கும் உங்களுக்கும் என்ன கோவம்? அது தன்ரை பாட்டிலை போகுது, விடுங்கோ" என்று சொல்லிவிட்டு நித்திரையாகிவிடுவாள். நித்திரையிலும் கையை எடுக்க மாட்டாள்.

அவள் நோயில் போய்ச் சில வருசம் ஆகிவிட்டது. வலை கொட்டிலில் சுருட்டினபடியே கிடந்தது. அவள் போட்டுக் கழற்றின முடிச்சுகளின் வளையங்கள் கயிற்றில் அப்படியே இருந்தன.

பாய்

புயல் வருகிற நாள் விடிந்ததும் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போனேன். அங்கே போவதற்கு யாருடைய அழைப்பும் தேவையில்லை. எல்லாருக்கும் பொதுவான மண்டபம். அதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டுதான் நடந்தேன்.

உள்ளே போனால் நிலம் தெரியவில்லை. குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து, பாய்க்கு எல்லையாகப் பைகளும் குடங்களும் வைத்து, தூணுக்குத் தூண் சேலையைக் கட்டி மறைத்து, ஒரு நாளில் ஒரு புதுக் கிராமமே எழும்பியிருந்தது. அதில் வீதிகள் இருந்தன. மூலையில் சண்டையும் இருந்தது. என் பாய்க்கு இடம் இல்லை என்று சொல்ல முடியாது. கதவடியில் இருந்தது. வாளிகளுக்குப் பக்கத்தில்.

ரோசா அக்கா தன் மகள்மார், மருமக்கள், பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் ராணி மாதிரி இருந்தார். என்னைக் கண்டதும் கத்தினார்.

"இஞ்சை பாருங்கோ, நறுவிலிக்குளத்துக்குப் போற வழியிலை எங்களைப் பாத்துப்போக வந்திருக்கிறான்! கவனமாப் போ ராசா. பாயும் கொண்டு போறியோ? அங்கை பாய் இல்லையோ?"

எல்லாரும் சிரித்தார்கள். இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "அக்கா, நான் போகேல்லை" என்பது மூன்றே சொல். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அங்கை பாய் இருக்கக்கா, மூட்டைப்பூச்சியும் இருக்கு. அதுதான் என்ரையைக் கொண்டு போறன். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்தோடேயே நான் வெளியே வந்துவிட்டேன். பஸ் முதல்நாளே நின்றுவிட்டது. அதுகூட ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்தது. வேறு சொல் இல்லை. கொட்டிலில் இருந்த வலையை இழுத்து வந்தேன். ஏணி வைத்துக் கூரையில் எறிந்தேன். எறிந்த வேகத்தில் நானும் கொஞ்சம் போனேன். முளை அடித்தேன், கல் வைத்தேன், மண் நிரப்பின சாக்கு வைத்தேன். கடைசி ஓரம் ஒன்று மிஞ்சியது. கயிற்று நுனியை வெளியே விடாதே என்று சம்மாட்டியார் சொன்னது காதில் அடித்தது. அந்த ஓரத்தைத் தூக்கி உள்ளே நுழைந்து, கயிற்றை இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலின் காலில் சுற்றி, தெரிந்த முடிச்சு, தெரியாத முடிச்சு எல்லாம் போட்டேன். எஞ்சினை இறுக்குவது போல இறுக்கினேன். மழைத்தூறல் பட்டுக் கயிறு நனைந்து முடிச்சு இன்னும் இறுகியது.

பிறகு நிமிர்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வெளியே போய் என் கைவேலையை ஒருக்கால் அழகு பார்ப்போம் என்று வாசலுக்கு வந்தேன்.

இந்தக் கதையை நான் சொல்லத் தொடங்கியது அங்கேதான்.

பெட்டி எடுக்க வந்தவன்

கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டு இருந்தேன். காற்று வாடையிலிருந்து விட்டுவிட்டு அடித்தது. ஒரு பிளக் பிடிக்காத எஞ்சின் மாதிரி. ஊரில் ஒரு சத்தமும் இல்லை. கோழிகூட இல்லை. எல்லாரும் மண்டபத்தில். கத்தினாலும் கேட்காது. நான் கத்தவும் இல்லை.

ஓட்டோச் சத்தம் கேட்டது. நசீர் தலையில் ஒரு உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தான். வாசலில் என்னைக் கண்டான். நின்றான். பிறகு படலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். மழைக்குள் குந்தி இருந்து சிரித்தான். போனை எடுத்து ஒரு படமும் எடுத்தான்.

"யா அல்லாஹ்! என்ன மச்சான் இது, உன்னை நீயே பிடிச்சு வச்சிரிக்கிறாய்?"

"பகிடி போதும். என்னைத் தேடியோ வந்தனி?"

"உன்னையா? பள்ளியில பெட்டி வேணுமாம், கரண்ட் போனா அறிவிக்க. நீ கோயிலடியில இரிப்பாய், பூட்டை உடைச்சாவது எடுப்பம் எண்டு வந்தன்."

பெட்டிக்குத்தான் வந்திருக்கிறான். அது நியாயம். பெட்டி பள்ளிவாசலுடையது, தேடுவதற்கு ஆள் இருக்கிறது.

அவன் வலையை இழுத்துப் பார்த்தான். சாக்கைத் தூக்கப் பார்த்தான். "ஆர்ரா உனக்கு இந்த முடிச்சுப் போடப் படிப்பிச்சது? இது முடிச்சில்ல, கொழுக்கட்டை. வெட்டத்தான் வேணும். கத்தி இரிக்கா?"

"குசினியிலை இருக்கு."

"எந்தக் குசினி?"

"என்ரை குசினி. உள்ளுக்கை."

சொன்ன பிறகுதான் எனக்கே அது கேட்டது. நசீர் வலையில் இருந்து கையை எடுத்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"கத்தி உன்ர பக்கத்திலதான் இரிக்கு?"

"ஓம்."

"அப்ப எவ்வளவு நேரமா இப்பிடி இரிக்கிறாய்?"

ஒரு பகிடி நாக்கு நுனியில் வந்து நின்றது. நல்ல பகிடிதான். இப்போது எழுதலாம், ஆனால் எழுத மனமில்லை. அதை விழுங்கினேன்.

"வெட்டிக்கொண்டு வந்தா எங்கை போறது, நசீர்?"

மழை வலுத்தது. அவன் தலையில் இருந்த உரப்பை காற்றில் பறந்து போனது. அவன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ர வீட்டில இடமில்ல" என்றான். "மாமி வந்து நிக்கிறா. மச்சினன் குடும்பம் நிக்குது. அவன்ட ஆடும் நிக்குது. கால் வைக்க இடமில்ல. உன்ர பாயைத் தலையிலதான் வச்சிக்கொண்டு இரிக்கோணும். கெதியா வெட்டிட்டு வா. பெட்டியையும் தூக்கிக்கொண்டு வா, நான் ஏன் சும்மா நனையிறன்?"

வெட்டினேன். பிலோமினா எறிந்த வலை. வாசல் அளவுக்கு மட்டும் வெட்டினேன்.

தாராபுரத்தில்

நசீர் சொன்னதில் பொய் இல்லை. ஆடு உட்பட எல்லாரும் இருந்தார்கள். சீமெந்துத் தட்டுக் கூரை வீடு, முன் அறை முழுக்க ஆட்கள். அவன் மனைவி றகீமா உள்ளே இருந்து, அண்ணன் முறையில் "நானா" என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"நானா, தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போடவா, குறையப் போடவா?"

வீட்டில் நானே ஊற்றிக் குடிக்கிறவன், கரண்டியில் வந்ததைப் போடுகிறவன். கனகாலமாக ஒருவரும் கேட்காத கேள்வி. "உங்களுக்கு எப்பிடி வசதியோ அப்பிடி" என்று பாடசாலை அதிபர் மாதிரி ஒரு மறுமொழி சொன்னேன்.

மத்தியானம் தாண்டிக் காற்று வந்தது. அதை வர்ணிக்க மாட்டேன், ஏனென்றால் நான் அதைப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே இருந்தேன். எனக்கு முதலே அங்கே ஆடு இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மரியாதையாக இருந்தோம். மேசைக்குப் பக்கத்தில் நசீரின் மாமி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். நான் செபமாலையை எடுத்து உதட்டுக்குள் முணுமுணுத்தேன். அந்தத் தாய் குனிந்து என்னைப் பார்த்தார்.

"சத்தமா ஓதுங்க மகன். ரெண்டு பக்கத்தாலயும் போகட்டும்."

சத்தமாகவே ஓதினேன். ஒரு பகிடியும் இல்லாமல் நான் மற்றவர்களுக்கு முன்னால் சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

பொழுது சாயக் காற்று இளைத்தது. வந்த வேகத்துக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அக்கரைப் பெண் ஏற்றின கூண்டுக்கு அது சின்னக் கிளிதான். ஒரு முருங்கை, இரண்டு மதில், கொஞ்சம் ஓடு. சனம் பயந்து களைத்துப்போய் இருந்த இருந்த இடத்திலேயே சரிந்து நித்திரையானது. நான் சுவரோரம் என் பாயில் கிடந்தேன். பாதிப் பாயில் நசீர். அவன் குறட்டை விட்டுப் புரண்டான். அவனுடைய கால், ஒரு எஞ்சினைத் தூக்கி வைத்தது போல, என் முழங்காலுக்கு மேல் விழுந்தது.

தள்ளியிருக்கலாம். என் கால் விறைத்துப் பிறகு எறும்பு ஊர்ந்தது. பிறகு அதுவும் நின்றது. நான் அசையவில்லை. மற்றவர் உடம்பின் பாரம் எனக்கு மறந்துபோயிருந்தது.

படலையில்

மற்றநாள் காலையில் நசீர் என்னை என் படலையில் இறக்கிவிட்டு, திருத்தின எஞ்சின் இன்னும் இழுக்குது என்று ஏசிவிட்டுப் போனான்.

வீடு நின்றது. தகரம் ஒன்றும் கிளம்பவில்லை. கட்டில் மட்டும் காற்று இழுத்த இழுவையில் அறைக்குக் குறுக்கே வந்து நின்றது. ரோசா அக்கா மூட்டை முடிச்சோடு மண்டபத்திலிருந்து வந்தார். "நறுவிலிக்குளத்திலை காத்து எப்பிடி?" என்று கேட்டார். "பரவாயில்லை அக்கா" என்றேன். அந்தப் பொய்யைத் திருத்த அப்போது நேரமில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றன.

கொஞ்சநேரத்தில் எங்கள் ஊர் அதிகாரியான விதானையார் மோட்டார் சைக்கிளில் வந்தார். அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்புவதற்காக வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்தார். எஞ்சினை நிற்பாட்டாமல், படலையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, எல்லா வீட்டிலும் கேட்ட அதே கேள்வியை என்னிடமும் கேட்டார்.

"வீட்டிலை எல்லாரும் சுகமோ?"

நான் வலையில் வெட்டின ஓட்டைக்குள் நின்றேன். முதல்நாள் போல இன்னொரு பகிடி தயாராகத்தான் இருந்தது.

"நான் மட்டும்தான் இருக்கிறன், ஐயா" என்றேன்.

"அது தெரியும்ராப்பா. சுகமோ எண்டுதான் கேட்டனான்."

"சுகம்."

அவர் தலையாட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை ரோசா அக்காவின் படலைக்கு உருட்டினார். அங்கே அவருக்குக் கனநேரம் எடுத்தது. ரோசா அக்கா மகள்மாரில் தொடங்கி மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார். ஒரு பெயரை விட்டுவிட்டாரென்று ஒரு பிள்ளை அழுதது. திரும்ப முதலிலிருந்து சொன்னார்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாப் பெயரையும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.